வலது கை எழுதினால் இடது கையும் எழுதுகிறது: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மகளுக்கு வயது 10, ஐந்தாம் வகுப்பு. வலது கையால் எழுதும்போதெல்லாம் மடியில் கிடக்கும் இடது கையும் விரல்களை மடக்கி, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல அதையே செய்கிறது. சட்டைப் பொத்தான் போடுவது, பாட்டில் மூடியைத் திருகுவது, ஷூ லேஸ் கட்டுவது எல்லாமே மல்லுக்கட்டு. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்தால் வெறுங்கையும் சேர்ந்து ஆடுமாம். அப்போது எல்லோரும் ரசித்திருக்கிறார்கள். இப்போது வகுப்பு ஆசிரியை, ‘வேணும்னே செய்றா’ என்று சொல்லி, இடது கையைத் துப்பட்டாவால் பெஞ்சோடு கட்டிவிட்டு எழுதச் சொல்கிறார். வீட்டிலும் ஒரு வாரம் அப்படிக் கட்டிப் பார்த்தோம் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே ‘தப்புதான் டாக்டர்’. நடை, ஓட்டம், பேச்சு, படிப்பு எதிலும் குறையில்லை.

கணவர் சொந்த அத்தை மகன். ‘சொந்தத்துல கட்டினதோட பலன்’ என்று வீட்டில் பேச்சு. ஒரு மருத்துவர் முதுகுத்தண்டு முழுவதையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்னோர் இடத்தில் ஸ்டெம் செல் ஊசிக்குச் சில லட்சம் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையில், இடது வலது இரண்டையும் ஒருங்கிணைப்பது தண்டுவடத்தில் இருக்கும் சில நரம்பு செல்கள்தான், அவை இல்லாத எலிகள் நடக்க முடியாமல் முயல்போலத் தாவுகின்றன என்று இந்தத் தாய் எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. ‘இன்னைக்குக் கை, நாளைக்குக் காலா?’ என்று கடிதம் முடிகிறது.

அம்மா, அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நேரில் பார்க்காமல் நான் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது; ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பிறவியிலேயே வரும் ‘கண்ணாடி அசைவு’ என்ற நிலையோடு அப்படியே பொருந்துகிறது. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்று கணக்கிடும் அளவுக்கு அபூர்வமானது. குழந்தை நரம்பியல் மருத்துவரான நானே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் ஊரில் யாரும் இதைச் சொல்லாததில் ஆச்சரியமில்லை. கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரியும், ஆயுசுக்கும் கூடவே இருக்கும், ஆனால் வளராது. கையிலிருந்து காலுக்கு இறங்காது. நடையைப் பறிக்காது.

நடை ஒரு கதை, விரல் வேறு கதை

நீங்கள் படித்தது பொய்யில்லை. உங்கள் மகளுக்கு அதைப் பொருத்தியதுதான் தவறு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் என்னோடு வாருங்கள்.

ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது மேலே இருந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் மோதும். அங்கே யாரும் நின்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒருத்தி இறக்குவதே மற்றவளுக்கு ‘நீ பொறு’ என்று சொல்வதுதான். நடையும் அப்படித்தான். தண்டுவடத்தின் இடது பாதியில் இடது காலுக்கு ஒரு நரம்புக் கூட்டம், வலது பாதியில் வலது காலுக்கு ஒன்று. இடது கூட்டம் வேலை செய்யும்போது, நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகும் சில செல்கள் வலது கூட்டத்தை அடக்கி வைக்கின்றன. மறுகணம் முறை மாறுகிறது. மூளை ‘நட’ என்று ஒரு சொல் சொன்னால் போதும்; இடது, வலது, இடது, வலது என்று ஒவ்வோர் அடிக்கும் உத்தரவு போட வேண்டியதில்லை.

தண்டுவடம் என்பது மூளையிலிருந்து வரும் வெறும் ஒயர்க் கட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உங்கள் மகள் பிறந்த சில நாட்களில் அவளை நிமிர்த்திப் பிடித்துப் பாதம் தரையில் பட வைத்திருந்தால், ஒரு காலுக்குப் பின் இன்னொரு காலாக எடுத்து வைத்திருப்பாள். நடக்கக் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, ஆனாலும் அடி மாறி மாறி விழும். அது பெரும்பாலும் இந்தக் கீழ்மட்ட ஏற்பாட்டின் வேலை. 1911-இல் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற ஆய்வாளர், மூளையோடு தண்டுவடத்துக்கு இருந்த தொடர்பையும் காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் துண்டித்த பிறகும் பூனையின் காலில் நடையின் தாளம் வருவதைக் காட்டினார். தாளம் உள்ளேயே இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதைப் போடும் செல்கள் எவை என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணத்தான் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நடுக்கோட்டைத் தாண்டும் அந்தச் செல்களில் முக்கியமான ஒரு வகைக்கு ‘வி0’ என்று பெயர். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஓலே கீன் குழுவினர் 2013-இல் எலிகளில் இந்தச் செல்களை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். எலி எந்த வேகத்திலும் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்தே வைத்துத் தாவியது. இன்னும் சுவாரசியமானது அடுத்த பகுதி. வி0-வில் இரண்டு பிரிவு உண்டு. ஒன்றை நீக்கினால் மெதுவான நடையில் மட்டும் இடது வலது மாற்றம் கெட்டது. இன்னொன்றை நீக்கினால் வேகமான ஓட்டத்தில் மட்டும் கெட்டது. ஆக, ஒரே காலுக்கு வேகத்துக்குத் தக்கபடி வேறு வேறு தாளக்காரர்கள். கீன், மார்ட்டின் கோல்டிங், சில்வியா ஆர்பர் மூவருக்கும் 2022-இல் மூளை ஆய்வுக்கான ‘பிரெய்ன் பிரைஸ்’ கிடைத்தது இந்த மாதிரிப் பணிகளுக்காகத்தான்.

இந்தச் செல்களில் சின்ன மாற்றம் வந்தாலே ஊனம் என்றும் நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்துக் குதிரைகள் சில, ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்து வைத்து ஓடும். ‘டி.எம்.ஆர்.டி.3’ என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் அதற்குக் காரணம் என்று 2012-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு வேலை செய்வதும் தண்டுவடத்தில் நடுக்கோட்டைத் தாண்டும் ஒருவகைச் செல்களில்தான். அங்கே அந்த ஓட்டம் குதிரையின் பெருமை. (இதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். அவளுக்குப் பிடிக்கும்.)

சரி, விரலுக்கு வருவோம். பென்சில் பிடிப்பது, பொத்தான் போடுவது போன்ற நுணுக்கமான வேலைக்குத் தண்டுவடத்தின் தாளம் போதாது. பெருமூளையிலிருந்தே நேரடி உத்தரவு இறங்கியாக வேண்டும். இடது மூளையிலிருந்து கிளம்பும் அந்த இழைகளில் 80 முதல் 90 சதவீதம், தலை கழுத்தோடு சேருமிடத்துக்குச் சற்று மேலே உள்ள முகுளத்தில் பக்கம் மாறி, வலது கைக்குப் போகின்றன. கண்ணாடி அசைவு உள்ளவர்களுக்கு இந்தக் குறுக்குப் பாதை முழுதாக அமைவதில்லை. அதனால் ஒரு பக்கத்து மூளை போடும் உத்தரவு இரண்டு கைகளுக்குமே போய்ச் சேருகிறது. போதாக்குறைக்கு, ஒரு கை வேலை செய்யும்போது மறுபாதி மூளையைச் சும்மா இருக்கச் சொல்லும் கட்டுப்பாடும் பலவீனமாக இருப்பதால், இரண்டு பாதிகளும் சேர்ந்தே விழித்துக்கொள்கின்றன.

அப்படியானால் எலிக்கும் உங்கள் மகளுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளை நீங்களே தேடிப் படித்துவிட்டு மறுபடி தூக்கத்தைத் தொலைப்பீர்கள்.

கருவில் இழைகள் நடுக்கோட்டை நோக்கி வளர்வதற்கு வழிகாட்டும் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் நெட்ரின். 1994-இல் கலிஃபோர்னியாவில் மார்க் டெஸ்ஸியே-லவீன் குழுவினர் அதைக் கண்டுபிடித்தபோது, ‘வழிநடத்துபவர்’ என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். நேதாஜி என்பதில் வரும் ‘நேதா’வும் அதே வேர்தான். இந்த வழிகாட்டியின் குரலைக் கேட்கும் காதுபோல, இழையின் நுனியில் ‘டி.சி.சி.’ என்ற இன்னொரு புரதம் உண்டு. டி.சி.சி. கெட்டுப்போன ஒருவகை எலி, கங்காருபோலத் தாவுவதால் அதற்கு ‘கங்கா’ என்றே பெயர். மனிதரில் கண்ணாடி அசைவுக்குக் காரணமாக முதலில், 2010-இல், கண்டுபிடிக்கப்பட்டதும் இதே டி.சி.சி. மரபணுதான். பிறகு 2012-இல் ஆர்.ஏ.டி.51, 2017-இல் நெட்ரின் மரபணுவே.

நீங்கள் பயப்பட வேண்டாத இடம் இங்கேதான் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லா மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. தாவும் எலிக்கு இரண்டுமே போய்விட்டது. ஒன்று மட்டும் போன எலி மற்ற எலிகளைப்போலவே நடக்கிறது. கண்ணாடி அசைவுள்ள மனிதர்களுக்கும் ஒரு பிரதிதான் பழுது. இரண்டும் பழுதானால் நிலைமை முற்றிலும் வேறு: கண் பக்கவாட்டில் அசையாது, முதுகு வளையும், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலமான கார்பஸ் கலோசமே உருவாகியிருக்காது, அறிவு வளர்ச்சியும் தடைப்படும். 10 வயது வரை கண்ணில் படாமல் இருக்கக்கூடிய விஷயமல்ல அது. ஓடியாடி, வகுப்பில் நன்றாகப் படிக்கும் உங்கள் மகளிடம் அதற்கான அடையாளம் ஒன்றும் கடிதத்தில் இல்லை.

‘வேணும்னே செய்றா’

செய்யவில்லை. முழு மனதோடு முயன்றால் அந்த அசைவைக் கொஞ்சம் குறைக்க முடியும், நிறுத்த முடியாது. அப்படிக் குறைக்கும்போது கவனமெல்லாம் இடது கையில் போய்விடும். எழுத்து கோணும், கணக்கு தப்பும். ‘நினைச்சா நிறுத்துறாளே’ என்று ஆசிரியைக்குத் தோன்றியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கையைக் கட்டினால் என்ன ஆகும்? உத்தரவு அப்போதும் கைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். கட்டுக்குள் தசை இறுகும், வலிக்கும். பழக்கம் என்றால் கட்டி மாற்றலாம். இது பழக்கமில்லை, பாதை. நீங்கள் ஒரு வாரம் கட்டியதால் நிரந்தரக் கேடு ஒன்றும் வந்துவிடவில்லை, அதை நினைத்துக் குமைய வேண்டாம். ஆனால் மகளிடம் ஒருமுறை, ‘அம்மாவுக்குத் தெரியாமப் போச்சுடா’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கு எந்த டாக்டர் சீட்டும் வேண்டாம்.

மகளின் சின்ன வயதில் பாட்டி அவளுடைய இடது கைப் பழக்கத்தை மாற்றியதால் வந்ததோ என்றும் ஓர் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தமில்லை. அவள் கருவில் இருக்கும்போதே அமைந்த பாதை இது. பாட்டியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 3, 4 வயதுக் குழந்தைகள் எல்லோருக்குமே இது லேசாக இருக்கும். பொதுவாகப் 10 வயதுக்குள் மறைந்துவிடும். அதனால் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று யாராவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். இந்த வயதிலும் இவ்வளவு தெளிவாக, பொத்தான் போட முடியாத அளவுக்கு இருப்பதால், அந்த நம்பிக்கையை நான் உங்களுக்குத் தர மாட்டேன்.

சொந்தத்தில் கட்டியதாலா?

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்ல வந்து, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கணவரின் அண்ணன் சிறுவயதில் மிருதங்கம் கற்கப் போய், ‘ரெண்டு கையும் ஒண்ணாவே போகுது, உனக்கு இது வராது’ என்று வாத்தியார் சொல்லி, மூன்றே மாதத்தில் நின்றுவிட்டார் என்று. நான் பேனாவை எடுத்து அடிக்கோடிட்ட வரி அதுதான். கடிதத்திலேயே பெரிய தடயம் அது.

இந்த நிலை பெரும்பாலும் ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து வரும் ஒற்றைப் பிரதியால் வருவது. யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம். அந்தப் பிரதி இருந்தும் அறிகுறியே இல்லாமல் வாழ்கிறவர்கள் இத்தகைய குடும்பங்களில் நிறைய உண்டு. உங்கள் கணவர் அப்படி ஒருவராக இருக்கலாம். அவர் அண்ணனுக்குக் கொஞ்சம் வெளிப்பட்டிருக்கலாம், மகளுக்கு நன்றாக. ஆக, உங்கள் மேல் போடப்படும் பழிக்கு இதில் இடமில்லை. உங்கள் கணவர்மேல் போடவும் இல்லை. யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் சொத்தல்லவே இது.

நேர்மையாக ஒன்று சேர்க்க வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களில் இருவருக்குமே ஒரே பழுதுப் பிரதி இருக்க வாய்ப்பு கூடுதல். அப்படி இருந்தால், மேலே சொன்ன இரட்டைப் பழுது பிறக்கும் குழந்தைக்கு நேரலாம். அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால் மட்டும், அதற்கு முன் ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். திட்டம் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

எந்தப் பரிசோதனை தேவை, எது வேண்டாம்

முதல் பரிசோதனைக்குப் பைசா செலவில்லை. மகளை உட்கார வைத்து இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி மடியில் வைக்கச் சொல்லுங்கள். வலது கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லி, இரண்டு கைகளும் தெரியும்படி செல்போனில் எடுங்கள். பிறகு இடது கையால். அப்புறம் அவள் நடப்பதையும் படியேறுவதையும் எடுங்கள். இதே விரல் சோதனையைக் கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் செய்யுங்கள். நரம்பியல் மருத்துவர் இந்த அசைவுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார். உங்கள் வீடியோ அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

அவர் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். எந்தக் கையை அசைத்தாலும் மறு கை ஒரே அளவில் ஆடுகிறதா, அல்லது ஒரு கை மட்டும் பலவீனமாக இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால் பிறந்த சமயத்தில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பை யோசிக்க வேண்டும். கழுத்து குட்டையாக, திருப்பச் சிரமமாக, பின்மயிர் தாழ்வாக இருந்தால் கழுத்து எலும்புகள் ஒட்டிப் பிறந்திருக்கலாம். அந்த நிலையிலும் கண்ணாடி அசைவு வரும். மல்லிகைப்பூ வாசனையும் காபி வாசனையும் அவளுக்குத் தெரிகிறதா என்று வீட்டிலேயே கண்ணைக் கட்டிப் பாருங்கள். வாசனையே தெரியாமல் இந்த அசைவும் இருந்தால், பருவமடைவதைத் தாமதப்படுத்தும் ஒரு ஹார்மோன் குறைபாட்டைத் தேட வேண்டியிருக்கும். இவை எல்லாம் இல்லை என்று உறுதி செய்வதற்காகச் சொல்கிறேன்; இருக்கிறது என்று அல்ல.

ஸ்கேன் என்றால் மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பதில் அர்த்தம் உண்டு. கார்பஸ் கலோசம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம், டி.சி.சி. பழுதுள்ள சிலருக்கு அது முழுதாக இருப்பதில்லை. முதுகுத்தண்டு முழுவதையும் எடுப்பதில், நடை நன்றாக இருக்கும் குழந்தைக்கு, நான் பயன் காணவில்லை. சொன்ன மருத்துவரிடமே, ‘கழுத்துக்கு மட்டும் எக்ஸ்ரே போதுமா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் நேரில் பார்த்தவர்; நான் பார்க்காத ஏதாவது அவர் கண்ணில் பட்டிருக்கலாம்.

மரபணுப் பரிசோதனை கட்டாயமில்லை. முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. செய்வதானால் ஒரு எச்சரிக்கை. டி.சி.சி. என்பது பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் இந்த மரபணு காணாமல் போயிருப்பதைப் பார்த்து 1990-இல் வைத்த பெயரின் சுருக்கம். ரிப்போர்ட்டில் அந்த முழுப்பெயரைப் படித்துவிட்டு, மகளுக்குக் கேன்சர் என்று வீடே அழுத கதை நடந்துவிடக் கூடாது. கண்ணாடி அசைவுள்ள குடும்பங்களில் புற்றுநோய் கூடுதலாக வருவதாகக் காட்டப்படவில்லை.

ஸ்டெம் செல் ஊசி விஷயத்தில் ஒரே வார்த்தை: வேண்டாம். கருவில் தவறிய பாதையை ஊசி போட்டுத் திருத்த முடியும் என்பதற்கு ஆதாரமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை பதிவு பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகத் தரப்படக் கூடாது. ஆய்வில் சேர்க்கிறோம் என்று சொல்லி யாரும் உங்களிடம் பணம் கேட்கவும் கூடாது. அந்தச் சில லட்சத்தை மகளின் படிப்புக்கு வையுங்கள்.

பள்ளியில்

முதலில் கைகட்டு நிற்க வேண்டும். சண்டையோடு தொடங்காதீர்கள், ஆசிரியைக்கும் இது தெரியாது, உங்களுக்கும் இதுவரை தெரியாதுதானே. நரம்பியல் மருத்துவரிடம் அரைப் பக்கக் கடிதம் ஒன்று வாங்கி, தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். ‘இந்த அசைவு அவள் வேண்டுமென்றே செய்வதல்ல, தண்டனையோ கட்டுப்போடுவதோ கூடாது, எழுத இடைவேளை வேண்டும்’ என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். கேட்கவில்லை என்றால்தான் அடுத்தது: குழந்தையை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது.

தேர்வு பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெகுநேரம் எழுதினால் இவர்களுக்கு முன்கை வலிக்கும். பத்தாம் வகுப்பில் மூன்று மணி நேரத் தேர்வு வரும்போது அது பெரிய விஷயம். மாற்றுத்திறன் 40 சதவீதம் என்ற சான்று கிடைக்காத ஒருவருக்கும், எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தரும் எழுத்தரின் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் கோளாறுள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வர். அதன்பின் 2022 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்றது. மாநில வாரியத் தேர்வில் சலுகைக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் தனி விண்ணப்பம் போட வேண்டும். அரசு மருத்துவமனைச் சான்று கேட்பார்கள். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் பிரிவில் காட்டி, சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். சட்ட நுணுக்கத்துக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள்; நான் அறிந்தவரை இவ்வளவு.

வீட்டில்

இதற்கு மருந்து இல்லை. ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்வதற்கான பயிற்சி) உதவும். அங்கே அசைவை நிறுத்துவது நோக்கமல்ல, அதோடு வாழும் உத்திகளைக் கற்றுத் தருவார்கள். அதுவரை சிலவற்றை நீங்களே செய்து பார்க்கலாம். எழுதும்போது இடது கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: நோட்டின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொள்ளட்டும், அல்லது ஒரு மென்பந்தைப் பிடித்திருக்கட்டும். பென்சில் தடிமனாக இருந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மறு கையின் ஆட்டமும் குறையும். கால்மணிக்கு ஒருமுறை கையை உதறிவிட்டு எழுதட்டும். பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டி, லேஸுக்குப் பதில் அப்படியே மாட்டும் ஷூ. இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

சைக்கிள் ஓட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிரேக்கைப் பிடிக்கும்போது மற்றதும் இறுகுகிறதா என்று மைதானத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீச்சல், ஸ்கிப்பிங், இரண்டு கையாலும் பந்து பிடிப்பது போன்றவற்றில் அவளுக்கு எந்தத் தடையும் இருக்காது. இரண்டு கையும் ஒன்றுபோல அசைய வேண்டிய இடத்தில் இது தொந்தரவே இல்லை.

புதிதாகக் கையில் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு மாறினாலோ மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அவை இந்த நிலையின் பகுதி அல்ல. வேறு காரணம் தேட வேண்டும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை வீட்டுக்கு அழையுங்கள். அந்த விரல் சோதனையை மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் செய்யட்டும். அவர் இடது கை லேசாகத் துடித்தாலும் போதும். தன்னைப்போல ஒரு கை இந்த வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்று அவள் இதுவரை பார்த்ததே இல்லை.